வேட்பாளரை முடிவு செய்வது யார்?

ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கு முன்னாலும் நம் இயக்கக் கூட்டங்களில் ஒரே விவாதம் திரும்பத் திரும்ப வருகிறது. பாதிப் பேர், "உழவனுக்குன்னு தனிக்கட்சி வேணும்" என்பார்கள். மீதிப் பேர், "அரசியலே வேண்டாம், கோரிக்கையை எழுதி எல்லாக் கட்சிக்கும் கொடுப்போம், யார் ஏத்துக்கிறாங்களோ அவங்களுக்கு ஓட்டு" என்பார்கள். விடிய விடியப் பேசினாலும் கடைசியில் அச்சாவது கோரிக்கை மனுதான். அந்த மனுவைச் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளும் வேட்பாளரை யார் தேர்வு செய்தார்கள், எங்கே வைத்து, எந்தக் கணக்கில் என்று யாரும் கேட்பதில்லை. என் கருத்து இதுதான்: வேட்பாளர் பெயர் வெளியான பிறகு நாம் பேரம் பேச அதிகம் மிச்சமிருப்பதில்லை. அதற்கு முந்தைய கட்டத்தில் நம் கை இருக்க வேண்டும்.

இதை நூறு வருஷத்துக்கு முன்னால் செய்து பார்த்த உழவர்கள் உண்டு. அமெரிக்காவில், கனடா எல்லையை ஒட்டிய வடக்கு டகோட்டா மாநிலத்துக் கோதுமை விவசாயிகள். நான் 33 வருஷம் வங்கியில் இருந்தவன். அதில் பாதிக் காலம் கிராமக் கிளைகளில், பயிர்க்கடன் மேசையில். அமெரிக்காவில் ஒரு மாநில அரசு 1919-லிருந்து சொந்தமாக வங்கி நடத்துகிறது என்று படித்தபோது பழைய தொழில் புத்தி விடவில்லை. யார் ஆரம்பித்தது, முதல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். ஆரம்பித்தது உழவர்கள். அதற்கு அவர்கள் போன வழி, ஒரு பெரிய கட்சியின் பிரைமரி தேர்தல்.

பிரைமரி என்பது நம் நாட்டில் இல்லாத ஏற்பாடு. ஒரு கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதைத் தலைமை அலுவலகம் முடிவு செய்யாமல், வாக்காளர்களே முன்கூட்டி ஒரு தேர்தல் வைத்து முடிவு செய்வது. அரசாங்கமே அந்தத் தேர்தலை நடத்தும். அங்கேயும் இது ஆதியிலிருந்து இருந்ததில்லை. முன்பெல்லாம் கட்சி மாநாட்டில் நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து பெயர் எழுதுவார்கள். வடக்கு டகோட்டாவில் அலெக்ஸாண்டர் மெக்கென்ஸி என்று ஒருவர். ரயில்வே கம்பெனிகளின் ஆள். பக்கத்து மாநிலத்து செயின்ட் பால் நகரில் இருந்துகொண்டே டகோட்டா அரசியலை ஆட்டிவைத்தார். இந்த மாதிரி ஆட்களின் பிடியை விடுவிக்கத்தான் விஸ்கான்சின் மாநிலத்தில் 1904-லும், வடக்கு டகோட்டாவில் 1907-லும் பிரைமரிச் சட்டங்கள் வந்தன. சட்டம் வந்து எட்டு, ஒன்பது வருஷம் வரைக்கும் அதை முழுசாகப் பயன்படுத்த உழவர்களுக்கு வழி தெரியவில்லை. சட்டம் இருப்பது வேறு, அதற்கு ஆள் திரட்டுவது வேறு.

அவர்கள் குறையைக் கேட்டால் நம்ம ஊர் மண்டிக்காரர் கதை மாதிரியே இருக்கும். விளைந்த கோதுமையை ரயிலடியில் உள்ள எலிவேட்டருக்கு, அதாவது தானியக் கிடங்குக்குக் கொண்டுபோக வேண்டும். எடை போடுவது அவர்கள். தரம் சொல்வது அவர்கள். கழிவு என்று கழிப்பதும் அவர்களே. அங்கிருந்து சரக்கு மினியாபொலிஸ் சந்தைக்குப் போகும். அங்கே பெரிய கிடங்குகளுக்கு உள்ளே வந்த முதல்தரக் கோதுமையைவிட வெளியே போன முதல்தரக் கோதுமை அதிகம் என்று கணக்கிலேயே தெரிந்தது. உள்ளே போகும்போது மட்டம், வெளியே வரும்போது உசத்தி. கலந்து விற்பதில் வந்த லாபம் முழுக்கக் கிடங்குக்கு. ஃபார்கோ வேளாண் கல்லூரியில் எட்வின் லாட் என்ற வேதியியல் பேராசிரியர், மட்டம் என்று ஒதுக்கிய கோதுமையை அரைத்து, அதில் நல்ல மாவு வருகிறது என்று சோதனையில் காட்டினார். ஒரு விஞ்ஞானி உழவன் பக்கம் நின்று எண்ணோடு பேசியது அவர்களுக்குப் பெரிய பலம். (இவரை உழவர்கள் மறக்கவில்லை. 1920-ல் செனட்டுக்கே அனுப்பினார்கள்.)

மாநில அரசே சொந்தக் கிடங்கு கட்ட வேண்டும் என்பது கோரிக்கை. 1912-லும் 1914-லும் இரண்டு தடவை மக்கள் வாக்களித்து அதற்கு வழிவிடும் அரசியல் சட்டத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். அப்படியும் 1915-ல் சட்டமன்றம் முடியாது என்று கைவிரித்தது. தலைநகர் பிஸ்மார்க்கில் கூடிய உழவர்களைப் பார்த்து, "வீட்டுக்குப் போய்ப் பன்றிக்குத் தீனி வையுங்க" என்று ஒரு உறுப்பினர் சொன்னதாக ஊரெல்லாம் பேச்சு. தான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் கடைசிவரை மறுத்தார். சொன்னாரோ இல்லையோ, கேட்ட ஒவ்வொருவரும் நம்பினார்கள். ஏனென்றால் சட்டமன்றம் நடந்துகொண்ட விதம் அதுதான்.

இந்த இடத்தில் வருகிறார் ஆர்தர் டவுன்லி. மாநிலத்தின் மேற்குக் கோடியில் பீச் என்ற ஊரில் கடன் வாங்கிப் பெரிய அளவில் ஆளிவிதை போட்டவர். 1912-ல் பருவமும் விலையும் சேர்ந்து காலை வாரிவிட, சுமார் 80 ஆயிரம் டாலர் கடனோடு திவாலானார். பிறகு சோஷலிஸ்ட் கட்சிக்கு ஆள் சேர்க்கும் வேலைக்குப் போனார். உழவர்கள் அந்தக் கட்சியின் திட்டங்களுக்குத் தலையாட்டுகிறார்கள், கட்சியில் சேரச் சொன்னால் மட்டும் பின்வாங்குகிறார்கள் என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். தகப்பன் காலத்திலிருந்து குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவன் வேறு கொடியைத் தொடமாட்டான். சரி, கொடியை மாற்ற வேண்டாம், அந்தக் கொடியை யார் பிடிப்பது என்பதை மாற்றுவோம் என்று முடிவு செய்தார். 1915 பிப்ரவரியில், பனி கொட்டிக் கிடந்த நேரத்தில், டியரிங் என்ற ஊர்ப்பக்கம் ஃபிரெட் வுட் என்ற விவசாயியின் வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்டார்கள். பெயர் 'நான்பார்டிசன் லீக்'. கட்சி சாராச் சங்கம் என்று சொல்லலாம். தனிக்கட்சி கிடையாது. இருக்கிற கட்சியின் பிரைமரியில் தங்கள் ஆட்களை நிறுத்தி ஜெயிப்பது, அவ்வளவுதான். மாநிலத்தில் குடியரசுக் கட்சி பலமானது என்பதால், அதன் பிரைமரியில் ஜெயித்தால் நவம்பர் பொதுத்தேர்தலில் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

நான் ரசித்துப் படித்தது சந்தா வசூலித்த முறையை. முதலில் இரண்டரை டாலர், பிறகு 6, அதற்குப் பிறகு வருஷத்துக்கு 9 டாலர். அப்போது கோதுமை ஒரு புஷல், அதாவது 27 கிலோ, சுமார் ஒரு டாலருக்குப் போன காலம். 9 டாலர் என்றால் ஏறக்குறைய இரண்டரைக் குவிண்டால் கோதுமை! இன்றைக்கு நம்ம சங்கத்தில் அந்த அளவு சந்தா கேட்டால் எத்தனை பேர் கூட்டத்துக்கு வருவார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். கையில் காசு இல்லாதவனிடம் பின்தேதி போட்ட காசோலையை வாங்கிக்கொண்டார்கள். அறுவடை முடிந்ததும் பணமாகும். ஃபோர்டு கார்களில் ஊழியர்கள் பண்ணை பண்ணையாகப் போனார்கள். கூட வருபவர் அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒரு விவசாயி. பத்திரிகைகளுக்குத் தெரியாமல் அமைதியாகச் சேர்த்தார்கள். விஷயம் நகரத்துக்காரர்களுக்கு எட்டியபோது ஆயிரக்கணக்கில் உறுப்பினர் ஆகிவிட்டார்கள். 1915 செப்டம்பரில் ஃபார்கோவில் இருந்து சொந்தப் பத்திரிகை. 1916 பிரைமரி வருவதற்குள் உறுப்பினர் தொகை 40 ஆயிரத்தை நெருங்கியது.

இவ்வளவு சந்தா எதற்கு என்று கேட்கலாம். கார் ஓட, பத்திரிகை அச்சடிக்க என்பது பாதிக் காரணம். இன்னொரு பாதியை வங்கியில் இருந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். கடன் கேட்டு வருபவர் தன் கைப்பணத்தில் ஒரு பங்கு போட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவோம். மார்ஜின் பணம் என்று பெயர். முழுக்கக் கடனில் வாங்கிய மோட்டாரைவிட, கால் பங்கு சொந்தப் பணம் போட்ட மோட்டாரை ஆள் பத்திரமாகப் பார்த்துக்கொள்வார். 9 டாலர் கொடுத்த விவசாயி, உள்ளூர்ப் பத்திரிகையும் கடைக்காரரும் வங்கி மேலாளரும் சேர்ந்து "உன்னை ஏமாத்திட்டாங்க" என்று சொன்னபோது அதை நம்பவில்லை. நம்பினால் தன் 9 டாலரும் ஏமாந்த கணக்கில் போகுமே! "ஒட்டி நிற்போம், ஜெயிப்போம்" என்பது அவர்கள் கோஷம். அவர்கள் சின்னங்களில் ஒன்று வெள்ளாடு, யாராலும் பிடிக்க முடியாத ஆடு. ஆடு வளர்க்கிற நம்ம ஆட்களுக்கு இந்தச் சின்னத்தை விளக்கத் தேவையில்லை.

வேட்பாளர் தேர்வுக்கு வருவோம். 1916 பிப்ரவரி 22, வாஷிங்டன் பிறந்தநாள். மாநிலம் முழுக்க வாக்குச்சாவடி அளவில் உறுப்பினர்கள் கூடினார்கள். நடுங்கும் குளிர். வெளியூர்ப் பேச்சாளர், மேடை, மாலை எதுவும் இல்லை. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பிரதிநிதிகள் தொகுதி அளவில் கூடிச் சட்டமன்ற வேட்பாளர்களை முடிவு செய்து, மாநில மாநாட்டுக்கும் ஆள் அனுப்பினார்கள். மாநாடு மார்ச் கடைசியில் ஃபார்கோவில் கூடியது. எழுதப்படாத விதி ஒன்று இருந்தது: பதவி கேட்டு வருகிறவனுக்குப் பதவி கிடையாது. அலைந்து திரிந்து ஆதரவு கேட்பவன் பெயர் அங்கேயே அடிபட்டுவிடும்.

ஆளுநர் பதவிக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது லின் ஃப்ரேசியர் என்ற 41 வயது விவசாயியை. (அங்கே ஆளுநர் என்றால் நம்ம முதலமைச்சர் மாதிரி; மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது.) ஹூப்பிள் என்ற சிற்றூர்க்காரர். வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் படித்தவர், கால்பந்து அணித் தலைவராக இருந்தவர், படிப்பு முடிந்து பண்ணைக்கே திரும்பியவர். மாநில அளவில் பேர் தெரியாத ஆள். அப்போது பதவியில் இருந்த ஆளுநர் ஹன்னா, தொழிலால் வங்கிக்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் பழைய சகாக்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஜூன் 28-ம் தேதி பிரைமரி. குடியரசுக் கட்சியின் பழம்பெரும் ஆட்களை ஃப்ரேசியர் பெரிய வித்தியாசத்தில் தோற்கடித்தார். நவம்பர் பொதுத்தேர்தலில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 80 ஓட்டு அவருக்கு. சட்டமன்றக் கீழவை லீக்கின் கைக்கு வந்தது. உயர்நீதிமன்ற நீதிபதிகளையும் அங்கே மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். லீக் ஆதரித்த மூன்று பேர் ஜெயித்தார்கள். ஒரு தோல்வியையும் குறிப்பிட வேண்டும். பொருளாளர் பதவிக்கு லீக் ஆதரித்தவர் ஜனநாயகக் கட்சிச் சீட்டில் நின்றார். அவர் தோற்றார். அதே உழவர்கள், அதே சங்கம். கொடி மட்டும் வேறு. டவுன்லி சொந்தக் கட்சி தொடங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜெயித்தபின் சும்மா இருக்கவில்லை. 1917-ல் மேலவை முட்டுக்கட்டை போட்டது. அதில் பலர் முந்தைய தேர்தலில் வந்து இன்னும் பதவிக்காலம் முடியாதவர்கள். 1918 தேர்தலில் இரண்டு அவையும் கையில் வந்ததும் 1919-ல் வரிசையாகச் சட்டங்கள். அரசு மாவு ஆலையும் தானியக் கிடங்கும், அரசே நடத்தும் ஆலங்கட்டி மழைக் காப்பீடு, தொழிலாளர் இழப்பீடு, 20 லட்சம் டாலர் முதலில் 'பேங்க் ஆஃப் நார்த் டகோட்டா'. அந்த வங்கி ஜூலை 28-ல் திறந்தது. வழக்குகள் அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை போயின. 1920-ல் தீர்ப்பு மாநிலத்துக்குச் சாதகம். கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்து ஆலை 1922-ல் ஓடத் தொடங்கியது. இரண்டும் இன்றைக்கும் மாநிலச் சொத்தாக நடக்கின்றன.

இதுவரை படித்தவர்கள் "அருமை, நாமும் செய்வோம்" என்று எழுந்துவிட வேண்டாம். லீக் சரிந்த கதையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் பாதி பேலன்ஸ் ஷீட்டைக் காட்டிய மாதிரி.

வேட்பாளர்களை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். லீக்கின் தலைமைக் குழுவை? ஆரம்ப வருஷங்களில் அதற்குத் தேர்தலே இல்லை. டவுன்லியும் சில பேரும். பணம் எங்கே போகிறது, எந்த வேலைக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்ததும் அவர்கள். வேகமாகக் காரியம் ஆக இதுதான் வழி என்று அவர் வாதாடினார், வேகமும் கிடைத்தது. ஆனால் கீழே அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்த முறை மேலே இல்லை.

விளைவு வங்கியில் வெடித்தது. ஃபார்கோவில் ஸ்காண்டிநேவியன் அமெரிக்கன் பேங்க் என்று ஒரு தனியார் வங்கி, லீக்குக்கு வேண்டியது. லீக்குக்கும் அதன் கூட்டு அமைப்புகளுக்கும் அது பெரும்கடன் கொடுத்தது. அடமானம் என்ன தெரியுமா? விவசாயிகள் கொடுத்த அந்தப் பின்தேதிக் காசோலைகள். பயிர்க்கடன் மேசையில் உட்கார்ந்த எந்த ஆளுக்கும் இது அடிவயிற்றைக் கலக்கும். அறுவடை நன்றாக இருந்தால்தான் காசோலை பணமாகும். மழை பொய்த்தால், விலை விழுந்தால், அத்தனை காசோலையும் ஒரே நேரத்தில் திரும்பும். நூறு பேர் கையெழுத்து என்றாலும் எல்லாம் ஒரே வானத்தை நம்பிய கையெழுத்து. 1919-ல் அதிகாரிகள் அந்த வங்கியை மூடினார்கள். அதில் முன்னால் நின்றவர் லீக் ஆதரவிலேயே அரசு வழக்கறிஞரான வில்லியம் லாங்கர். நீதிமன்றம் திறக்கச் சொன்னது. 1921 பிப்ரவரியில் கடைசியாக இழுத்து மூடினார்கள். லாங்கர் இதற்குள் எதிர்முகாமுக்குப் போய், 1920 பிரைமரியில் ஃப்ரேசியரையே எதிர்த்து நின்று நெருக்கத்தில் தோற்றிருந்தார்.

அதே சமயம் போருக்குப் பிந்தைய விலைச்சரிவு கோதுமையை அடித்து நொறுக்கியது. 1920 நவம்பரில் எதிர்த்தரப்பார் ஒரு மக்கள் வாக்கெடுப்பில் ஜெயித்து, மாவட்ட, நகராட்சி, பள்ளிப் பணத்தை அரசு வங்கியில்தான் போட வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கினார்கள். உடனே பல அமைப்புகள் பணத்தை எடுத்தன. வெளி மாநிலப் பத்திர வியாபாரிகள் வடக்கு டகோட்டா கடன் பத்திரங்களைத் தொட மறுத்தார்கள். எடுப்பவர் வரிசையில் நிற்க, போடுபவர் யாரும் இல்லாத வங்கிக்கு என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பக்கத்து மினசோட்டாவில் 1918-லேயே வேறு விதமான அடி விழுந்திருந்தது. அங்கே குடியரசுக் கட்சி ஆளுநர் பிரைமரியில் லீக் ஆதரித்தது சார்லஸ் லிண்ட்பெர்க்கை. அட்லாண்டிக்கை விமானத்தில் தாண்டிய லிண்ட்பெர்க்கின் அப்பா. முதல் உலகப்போர் நடந்த நேரம், போரில் லாபம் பார்ப்பவர்களை எதிர்த்துப் பேசியவர். தேசத்துரோகி என்ற பட்டம் கட்டினார்கள். பல மாவட்டங்களில் லீக் கூட்டம் போடவே தடை. கொடும்பாவி கட்டித் தொங்கவிட்டார்கள், அவரையே ஒரு இடத்தில் கைது செய்தார்கள். அப்படியும் ஒன்றரை லட்சம் ஓட்டு வாங்கினார். எதிரி வாங்கியது இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. தோல்விதான். ஆனாலும் அந்தப் பிரைமரிக்குக் கொடி கட்டி ஊர்வலம் போன உழவர்களும் நகரத்துத் தொழிலாளர்களும் சேர்ந்துதான் பின்னால் விவசாயி-தொழிலாளி கட்சியாக ஆனார்கள். 1930-ல் அவர்கள் ஆளே மினசோட்டாவின் ஆளுநர்.

வடக்கு டகோட்டாவில் 1921 அக்டோபர் 28-ம் தேதி ஃப்ரேசியரைத் திருப்பி அழைக்கும் வாக்கெடுப்பு. சுமார் 4 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் பதவி போனது. அமெரிக்காவில் மக்கள் வாக்களித்து நடுவில் இறக்கிய முதல் ஆளுநர் அவர். அடுத்தது நடக்க 2003 கலிஃபோர்னியா வரை ஆனது. இங்கே கவனிக்க வேண்டியது, அதே நாளில் அரசு வங்கியை ஒழிக்கும் தீர்மானமும் மக்கள் முன் வந்தது. அதைத் தோற்கடித்துவிட்டார்கள். ஆளை இறக்கினார்கள், வங்கியை விடவில்லை. அடுத்த வருஷமே, 1922-ல், அதே ஃப்ரேசியரைக் குடியரசுக் கட்சியின் செனட் பிரைமரியில் நிறுத்தி, நாலு முறை செனட்டரான மெக்கம்பரைத் தோற்கடித்தார்கள். தலைவனைத் தெய்வமாக வைத்த கூட்டம் இப்படி நடந்துகொள்ளாது. கணக்குப் பார்க்கத் தெரிந்த உறுப்பினர்கள்தான் ஒரு வருஷம் இறக்கி அடுத்த வருஷம் ஏற்றுவார்கள்.

இனி நம்ம பக்கம். தனிக்கட்சி வழியை நாம் பார்த்தாகிவிட்டது. நாராயணசாமி நாயுடு ஐயா கூப்பிட்டால் கட்டை வண்டிகள் கோவையை அடைத்து நின்றன. 1982-ல் அவர் கட்சி தொடங்கியபோது அந்தக் கூட்டம் ஓட்டாக மாறவில்லை. போராட்டத்துக்கு வந்தவர், ஓட்டுப் போடும்போது தன் பழைய சின்னத்தைத் தேடினார். டவுன்லி 1915-ல் கண்டுகொண்ட விஷயமும் அதுதானே.

சரி, பெரிய கட்சிக்குள்ளே போய் வேட்பாளரைத் தீர்மானிக்கலாமா? இங்கே பிரைமரி கிடையாது. பணம் கட்டி விருப்ப மனு, தலைமை அலுவலகத்தில் நேர்காணல், பிறகு பட்டியல். உள்ளே நடப்பது உழவன் கண்ணுக்குத் தெரியாது. அதையும் மீறி நம்ம ஆள் ஒருவர் எம்.எல்.ஏ. ஆனாலும், 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போகும். ஃப்ரேசியர் காலத்து உறுப்பினர்களுக்கு அந்தக் கட்டு இல்லை. குடியரசுக் கட்சிக்காரராக உட்கார்ந்து லீக் சொன்னபடி வாக்களித்தார்கள். அதனால் சட்டமன்ற அளவில் டகோட்டாவை அப்படியே காப்பியடிக்க முடியாது. அப்படிச் சொல்லி நம்மைக் கிளப்பிவிடுபவர்களைச் சந்தேகமாகவே பாருங்கள்.

ஆனால் ஒரு கதவு திறந்திருக்கிறது. நம் மாநிலத்தில் கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. கொறடா கிடையாது. அங்கே 1916 பிப்ரவரி 22-ஐ நடத்த யாரும் நம்மைத் தடுக்கவில்லை. வேட்புமனு தேதிக்கு ஆறு மாதம் முன்னாலேயே வார்டு வார்டாகக் கூடி, நீர்நிலை, பொது நிலம், உரக்கிடங்கு, தெருக்குப்பை என்று நமக்கு வேண்டியதை முதலில் எழுதிவிட்டு, அதற்குப் பிறகு ஆளைத் தேடலாம். அந்தக் கூட்டத்தில் நிலம் இல்லாத கூலிக்காரரும், குத்தகைக்காரரும், பெண்களும் உட்கார வேண்டும். 1916-ல் டகோட்டாப் பெண்களுக்கு ஆளுநர் தேர்தலில் ஓட்டே இல்லை. நமக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஊர்கூடித் தேர்வு என்றதும் சில ஊர்களில் நடக்கும் ஏலம் ஞாபகம் வரும். கோயில் திருப்பணிக்கு யார் அதிகம் தருகிறார்களோ அவருக்குத் தலைவர் பதவி என்று பெரிய மனிதர்கள் கூடிப் பேசி, போட்டியே இல்லாமல் முடிப்பது. நான் சொல்வது அது இல்லை. நாம் ஒருவரைத் தேர்வு செய்து நிறுத்துவோம், எதிர்த்து நிற்க யாருக்கும் உரிமை உண்டு, ஊர் வாக்களிக்கட்டும். நம் கூட்டத்தில் கைதூக்கும் முறையும் வேண்டாம். பங்காளி முகத்தைப் பார்த்துக் கை தூக்காமல் இருக்க முடியாது. ஒரு டப்பாவும் துண்டுச் சீட்டும் போதும்.

சந்தா கட்டாயம் வேண்டும். தொகை ஊருக்குத் தகுந்தபடி இருக்கட்டும், கூலிக்காரருக்கு ஒரு நாள் கூலியில் பத்தில் ஒரு பங்கு என்றாலும் சரி, இலவசம் மட்டும் கூடாது. வேட்பாளரிடமோ, வேட்பாளரின் மச்சானிடமோ நன்கொடை வாங்கக் கூடாது. பணம் சங்கத்தின் பெயரில் தனிக் கணக்கில் போக வேண்டும். எடுக்க இரண்டு பேர் கையெழுத்து, அந்த இருவரில் ஒருவராவது பெண், இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது, வருஷம் ஒருமுறை சீட்டுப் போட்டு இவர்களை மாற்ற வேண்டும். அந்தக் கணக்கை வைத்து யாரும் எங்கும் கடன் வாங்கக் கூடாது என்பதை முதல் கூட்டத்துத் தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி, கிளை மேலாளருக்கு ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். பாஸ்புக்கின் நகலை மாதம் ஒருமுறை டீக்கடைச் சுவரில் ஒட்டலாம்.